அத்தானின் பாயிண்ட் டிக்கெட்

என் அத்தான் சத்தியநேசன் யாரையும் நம்பமாட்டார். பாளையங்கோட்டையில் அவரைத் தெரிந்த யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள், அவர் பெயரைப் பிறகுதான் சொல்வார்கள். எரிவாயு சிலிண்டர் வந்து இறங்கினால், கொண்டுவந்தவரை வாசலிலேயே நிறுத்திவைத்துத் தன் வீட்டுத் தராசில் எடை பார்ப்பார். ஒரு வருஷம் சபையில் கிறிஸ்துமஸ் குலுக்கலில் அவருக்கு ஒரு பிளாஸ்க் விழுந்தது. நான் சீட்டே எழுதிப் போடவில்லையே, என் பெயர் எப்படி வந்தது என்று ஒரு வாரம் விசாரித்துவிட்டு, பிளாஸ்க்கைக் கொண்டுபோய்ப் போதகரிடமே திருப்பிக் கொடுத்தார். சீட்டை எழுதிப் போட்டது என் அக்கா ஜெபராணி. அத்தான் முகத்தைப் பார்த்துப் பயந்து அவள் அதைச் சொல்லவே இல்லை.

எனக்கும் அவர்மேல் ஒரு கோபம் உண்டு. நான் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். வண்ணார்பேட்டையில் பாதித் தெரு என்னிடம் பாலிசி எடுத்திருக்கிறது. என் சொந்த அக்காள் புருஷன் எடுத்ததில்லை. ஒவ்வொரு தடவையும் விண்ணப்பத்தில் பொடி எழுத்தில் இருப்பதையெல்லாம் கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசிவரை வாசிப்பார். பிறகு, "மாப்ள, நான் செத்தா உனக்கு என்ன கிடைக்கும்?" என்று கேட்பார். அவரிடம் பேசிவிட்டு வீட்டுக்கு வந்தால் என்மேலேயே எனக்குச் சந்தேகம் வரும்.

அவரை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. மஸ்கட்டில், வண்டிகளுக்கு உதிரிபாகம் விற்கும் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருபது வருஷத்துக்கு மேல் இருந்தவர். அந்த வேலைக்குச் சந்தேகம்தான் மூலதனம். ஒரு பேரிங் குறைந்தாலும் அவர் சம்பளத்தில் கைவைத்துவிடுவார்கள். கூட வேலை பார்க்கிறவன் சட்டைப்பையைப் பார்த்துப் பார்த்தே அவருக்கு வயதாகிவிட்டது. ஊருக்கு வந்த பிறகும் கண் மாறவில்லை. அவ்வளவுதான்.

கம்பெனி அவரை வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் ஊருக்கு அனுப்பும். டிக்கெட் கம்பெனி செலவு. அந்த விமான நிறுவனம், பறக்கிறவர் பெயரில் ஒரு கணக்குத் திறந்து, ஒவ்வொரு பயணத்துக்கும் பாயிண்ட் போட்டுக்கொண்டே வரும். பாயிண்ட் போதிய அளவு சேர்ந்தால் அதைக் கொடுத்து ஒரு டிக்கெட் எடுத்துக்கொள்ளலாம். அவரோடு அறையில் இருந்த மேலப்பாளையம் மதார் அப்படித்தான் தன் சம்சாரத்தை ஒரு தடவை மஸ்கட்டுக்கு வரவழைத்து ஊரைச் சுற்றிக்காட்டினார். அத்தான் அந்தப் பாயிண்ட்டைத் தொடவே இல்லை. டிக்கெட் கம்பெனி எடுத்தது, அப்படியென்றால் பாயிண்ட்டும் கம்பெனியுடையதுதானே, நாளைக்குக் கணக்குத் தீர்க்கும்போது இதைப் பிடித்துக்கொண்டு திருடன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்பது அவருடைய நியாயம். அது தவிர, சும்மா எவன் கொடுப்பான் என்ற சந்தேகம் வேறு. பழைய பாயிண்ட்டெல்லாம் காலாவதியாகிப் போய்விட்டது. கடைசி வருஷங்களில் சேர்ந்தது மட்டும் மிச்சம் இருந்தது. அதுவும் வருகிற ஏப்ரலோடு அழிந்துவிடும்.

இதைக் கண்டுபிடித்தது அவருடைய ஒரே மகள் ஸ்வீட்லின். அவளும் மஸ்கட்டில்தான் நர்ஸாக இருக்கிறாள். அவள் புருஷன் ஷிபினுக்கு எண்ணெய் வயலில் வேலை. வாரக்கணக்கில் பாலைவனத்துக்குள் போய்விடுவான், அங்கே பாதி நேரம் போன் எடுக்காது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஸ்வீட்லினுக்கு ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்துவிட்டது. அப்போது ஷிபின் பாலைவனத்துக்குள் இருந்தான். அவள் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய், தனியாகத் திரும்பி வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, அத்தான் போனுக்கு அடித்து அக்காவிடம் பேசினாள். அன்றைக்கு அக்கா அழவில்லை. "அடுத்த தடவ நான் பக்கத்துல இருப்பேன் மக்களே" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் பக்கத்தில் இருந்து கேட்டேன்.

மறுபடியும் ஸ்வீட்லின் உண்டானபோது, வழக்கம்போல ஊருக்கு அழைத்துவந்து பேறுகாலம் பார்க்கலாம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். முதல் தடவை அப்படி ஆனதால் விமானத்தில் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகவே அக்காதான் போக வேண்டும். பிள்ளை பிறக்கும்போது அக்கா அங்கே இருக்க வேண்டும். அந்த வருஷம் எங்கள் குடும்பத்துக்கு வேறு எந்த விருப்பமும் இருக்கவில்லை.

ஸ்வீட்லினால் பணம் கொடுத்து டிக்கெட் எடுக்க முடியாமல் இல்லை. "அப்பா இத்தனை வருஷம் பறந்த பாயிண்ட்ல அம்மா வரட்டும் மாமா. அப்பா குடுத்த டிக்கெட்டுன்னு இருக்கட்டும்" என்றாள் என்னிடம். பிள்ளைகளுக்கு இப்படியெல்லாம் தோன்றுவது பெற்றவர்களுக்குத் தெரிவதில்லை.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து உட்கார்ந்து டிக்கெட் போட்டோம். நான் என் லேப்டாப்போடு போயிருந்தேன். ஸ்வீட்லின் வீடியோவில் இருந்தாள். பாஸ்வேர்டு மறந்துபோன பழைய கணக்கை உயிர்ப்பிக்கவே மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. பிறகு சீட் தேடினோம். ஒரு விமானத்தில் எத்தனையோ சீட் இருந்தாலும், பாயிண்ட்டுக்கு என்று ஒன்றிரண்டுதான் விடுவார்கள். அத்தான் உடனே பிடித்துக்கொண்டார். சீட் காலியாக இருக்கும்போது ஏன் கொடுக்கவில்லை, யாருக்காக ஒளித்து வைத்திருக்கிறான் என்றார். பிறகு வரி மட்டும் கட்ட வேண்டும் என்று திரையில் வந்தது. "பாத்தியா? சும்மான்னு சொன்னான்லா. இப்பம் வரிங்கான்" என்று ஜெயித்தவர் மாதிரி சாய்ந்து உட்கார்ந்தார். அக்காவின் பாஸ்போர்ட் எண்ணைக் கேட்டபோது பாஸ்போர்ட்டையே மடியில் வைத்து அமுக்கிக்கொண்டார். அக்கா அடுக்களையிலிருந்து வந்து, அதை அவர் மடியிலிருந்து எடுத்து என்னிடம் கொடுத்தாள்.

ஜனவரி பத்தாம் தேதி திருவனந்தபுரத்திலிருந்து போவது, பிப்ரவரிக் கடைசியில் திரும்புவது. டாக்டர் சொன்ன நாள் ஜனவரி இருபத்தைந்து. ஒவ்வொரு படியிலும் அத்தானுடைய போனுக்கு ஓர் ஓ.டி.பி. வந்தது. கணக்கு அவர் பெயரில் இருப்பதால், அந்த எண்ணைச் சொன்னால்தான் எதுவும் நகரும். அன்றைக்குச் சொன்னார். ஸ்வீட்லின் முகம் திரையில் தெரிந்ததால் சொன்னார். சொல்லும்போதும் குரலைத் தாழ்த்தி, ஜன்னலைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

டிக்கெட் மின்னஞ்சலில் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வருகிறது. காகிதத்தில் அச்செடுத்து மடித்து வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் அதிகாலை பஸ்ஸில் ஏறி, நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கே போய்விட்டார். அங்கே அந்த நிறுவனத்தின் கவுண்டரைத் தேடிப்பிடித்து, இது உண்மையான டிக்கெட்தானா என்று கேட்டிருக்கிறார். அந்தப் பெண் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்து, உண்மைதான், போய்வாருங்கள் என்று சொல்லியிருக்கிறாள். திரும்பி வந்தவரிடம், இப்போதாவது நம்புகிறீர்களா என்று கேட்டேன். அந்தப் பிள்ளை கம்ப்யூட்டரை முழுசாகப் பார்க்கவில்லை, சட்டென்று சொல்லிவிட்டாள் என்றார்.

டிசம்பரில் சபையில் ஒரு கூட்டம் நடந்தது. ஒரு போலீஸ் அதிகாரி வந்து போன் மோசடிகளைப் பற்றிப் பேசினார். நல்ல பேச்சுதான். ஓ.டி.பி.யைப் பெற்ற தாய்க்கும் சொல்லாதீர்கள் என்றார். இப்போது கம்ப்யூட்டரே உங்கள் மகன் குரலில், மகள் குரலில் அழுது பேசும் என்று ஒரு பதிவைப் போட்டும் காட்டினார். பெண்கள் பக்கத்தில் உச்சுக்கொட்டினார்கள். அத்தான் முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வாழ்நாள் முழுக்கத் தான் சொல்லிவந்ததை ஒருவர் மைக் வைத்துச் சொல்கிறார் என்ற பெருமை அவருக்கு. கூட்டம் முடிந்ததும் அதிகாரியைப் போய்ப் பார்த்து, குரலையும் நம்பக்கூடாது என்றால் சொந்தப் பிள்ளைதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டார். வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள் என்று அவர் சொல்லிக்கொடுத்தார். அத்தான் அந்த யோசனையை வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

எங்கள் பக்கத்தில் வருஷப்பிறப்பு ஆராதனையில் வாக்குத்தத்த வசனம் எடுப்பது வழக்கம். வேதாகம வசனம் அச்சிட்ட சின்ன அட்டைகளைத் தட்டில் பரப்பி வைத்திருப்பார்கள். கண்ணை மூடி ஒன்றை எடுத்தால், அந்த வருஷம் முழுக்க அது நம்முடைய வசனம். வெளியூரில் இருக்கிற பிள்ளைகளுக்காகப் பெற்றவர்கள் எடுத்து அனுப்புவார்கள். அத்தான் ஸ்வீட்லினுக்காக ஒரு அட்டை எடுத்தார். அதைப் படம் பிடித்து அவளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். எனக்குக்கூடக் காட்டவில்லை. அந்த வசனத்தைத்தான் கேள்வியாக வைத்துக்கொள்வது என்று அவர் மனதுக்குள் முடிவு செய்திருக்கிறார். மகளிடமும் அதைச் சொல்லவில்லை. சொன்னால் யாராவது ஒட்டுக்கேட்டுவிடுவார்களாம்.

வருஷம் பிறந்து மூன்றாம் நாள், காலை பத்து மணி இருக்கும். அக்கா சபைக் கோவிலில் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். அவளுக்கென்று போன் கிடையாது. வீட்டில் இரண்டு போன் இருந்தால் திருடனுக்கு இரண்டு வாசல் என்று அத்தான் வாங்கித்தரவில்லை. அவருடைய போன் அடித்தது. தெரியாத எண், மஸ்கட் எண்.

அடுத்து நடந்ததை அவரே என்னிடம் அன்றைக்குப் பெருமையாக விவரித்தார், பிறகு ஸ்வீட்லினும் சொன்னாள். இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. பேசியவள் தன்னை ஸ்வீட்லின் என்றாள். குரல் கம்மியிருந்தது, மூச்சு வாங்கியது. அம்மா டிக்கெட்டை இன்றைக்கு மாற்ற வேண்டும், பாயிண்ட்டுக்கு ஒரே ஒரு சீட் இருக்கிறது, உங்களுக்கு ஒரு எண் வந்திருக்கும், அதைச் சொல்லுங்கள் என்றாள். அந்த அதிகாரி சபையில் சொன்னது அப்படியே வரிக்கு வரி நடந்தது. தெரியாத எண், அழுகைக் குரல், அவசரம், ஓ.டி.பி. அத்தான் நிதானமாக உட்கார்ந்துகொண்டார்.

"இந்த வருஷம் உனக்கு என்ன வசனம் வந்துது? சொல்லு."

எதிர்ப்பக்கத்திலிருந்து, "நான் இன்னும் வாட்ஸ்அப்பே பாக்கலப்பா. நம்பரைச் சொல்லுங்கப்பா, நேரம் இல்ல" என்று வந்தது.

"வசனத்தைப் பாக்காத பிள்ள எம்மவ இல்ல" என்று சொல்லிவிட்டு அத்தான் போனை வைத்தார். மறுபடி அடித்தது. அந்த எண்ணை முடக்கினார். அத்தோடு விடவில்லை. திருடர்கள் வேறு எண்ணிலிருந்து வருவார்கள் என்று போனையே அணைத்து, சிம்மைக் கழற்றிக் காகிதத்தில் மடித்து, இரண்டையும் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

அவள் ஸ்வீட்லின்தான். டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதியே அவளுக்கு இரத்த அழுத்தம் ஏறி ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள். ஊரில் பயந்துவிடுவார்கள் என்று, வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதே, வருஷப்பிறப்புக்கு டூட்டி இருக்கிறது, இரண்டு நாள் கழித்துப் பேசுகிறேன் என்று சொல்லியிருந்தாள். கண்ணைத் திறந்தால் தலை சுற்றும் நிலை. அவள் போன் வீட்டிலேயே கிடந்தது. மூன்றாம் தேதி காலையில் டாக்டர் வந்து, இனிமேல் காத்திருக்க முடியாது, நாளைக்கே ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்துவிட வேண்டும் என்றார். ஷிபின் பாலைவனத்துக்குள் இருந்தான். தன்னோடு வேலை பார்க்கும் நஸீமாவின் போனை வாங்கித்தான், படுத்தபடியே டிக்கெட்டைத் திறந்து பார்த்திருக்கிறாள். அன்றைக்கு இரவு விமானத்தில் ஒரு பாயிண்ட் சீட் இருந்தது. அதில் அக்கா ஏறினால், பிள்ளை பிறக்கும்முன் பக்கத்தில் இருந்துவிடலாம். நாள் மாற்ற அந்த ஆறு எண்கள் மட்டுந்தான் தேவைப்பட்டன.

அப்பா வைத்துவிட்டதும் அவள் என்னைக் கூப்பிட்டாள். நான் ஒரு வாடிக்கையாளர் வீட்டில் இருந்தேன். விஷயத்தைக் கேட்டதும் பையை அங்கேயே போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். மேம்பாலத்தில் ஒரு பஸ்காரன் என்னைத் திட்டினான். அவன் வாயில் வந்ததெல்லாம் அத்தானுக்குப் போய்ச் சேரட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

போய்ப் பார்த்தால் அவர் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். என்னைக் கண்டதும், "வா மாப்ள, இன்னைக்கு ஒருத்தி நம்மகிட்ட வந்து மாட்டுனா" என்று ஆரம்பித்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறியது, ஆனால் நான் நினைத்த மாதிரி மாறவில்லை. "உனக்கும் அதே நம்பர்ல இருந்துதான் வந்துதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்பம் உன்னையும் ஏமாத்தியிருக்கா" என்றார்.

நான் என் போனில் நஸீமாவைக் கூப்பிட்டு, சத்தமாகக் கேட்கும்படி வைத்தேன். அந்தப் பெண் பாவம், பதறிப்போய்ப் பேசினாள். நான் மேலப்பாளையந்தான் மாமா, உங்க மவ எனக்குக் கூடப்பிறந்தவ மாதிரி என்றாள். அத்தான் அவளிடம் எந்தத் தெரு என்று கேட்டார். அவள் சொன்னாள். பள்ளிவாசலுக்கு எந்தப் பக்கம் என்று கேட்டார். அதையும் சொன்னாள். அத்தான் என்னைப் பார்த்து, தெருப் பெயரெல்லாம் இப்போது யாருக்கும் தெரியும் என்றார். எனக்கு அவரை அடித்துவிடலாம் போல இருந்தது. வயதில் மூத்தவர் என்பதால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு நிமிஷமும் போய்க்கொண்டிருந்தது. அவர் மட்டும் ஸ்டோரில் சரக்கு சரிபார்ப்பவர் மாதிரி பதறாமல் இருந்தார்.

அப்போதுதான் அக்கா உள்ளே வந்தாள். பாட்டுப் புத்தகம் கையில் இருந்தது. யார் என்ன என்று அவள் கேட்டதும், நஸீமாவிடமிருந்து போனை வாங்கி ஸ்வீட்லின் "அம்மா" என்றாள். அந்த ஒரு சொல்தான். அக்கா புத்தகத்தை அப்படியே என் கையில் திணித்துவிட்டு அத்தான் முன்னால் போய் நின்றாள்.

"சாவியத் தாங்க."

"பைய, பைய. விசாரிக்காம எதுவும் செய்யக்கூடாது."

"அவ குரலுகூடவா உங்களுக்குத் தெரியல?"

அக்கா சத்தம் போடவில்லை. அத்தான் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார். காகிதத்தைப் பிரித்து, சிம்மை மறுபடி போட்டேன். போன் உயிர்பெற்று எழ என்றைக்கும் இல்லாத நேரம் எடுத்துக்கொண்டது. பழைய எண்கள் வரிசையாக வந்து விழுந்தன, எல்லாம் காலாவதியானவை. ஸ்வீட்லின் மறுபடி முயன்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவள் குரல் வந்தது. "அந்த ஒரு சீட்டும் போயிட்டும்மா" என்றாள்.

பாயிண்ட் இல்லாவிட்டால் காசு கொடுத்தாவது அனுப்பிவிடலாம் என்று ஓடினேன். கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்தவர்கள் எல்லாம் வளைகுடாவுக்குத் திரும்புகிற வாரம் அது. திருநெல்வேலி ஜங்ஷனில் இரண்டு டிராவல்ஸ், நாகர்கோவிலில் தெரிந்தவர் ஒருவர் என்று எல்லோரையும் கேட்டேன். திருவனந்தபுரம், கொச்சி, சென்னை, எங்கிருந்தும் மஸ்கட்டுக்கு அந்த வாரம் சீட் இல்லை. கிடைப்பதெல்லாம் பத்தாம் தேதிக்குப் பிறகுதான். பத்தாம் தேதிக்குத்தான் எங்களிடமே டிக்கெட் இருந்தது.

மறுநாள் காலையில் ஆபரேஷன் நடந்தது. பெண் குழந்தை. எடை குறைவு என்று கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். தியேட்டர் வாசலில் நஸீமா நின்றிருந்தாள். குழந்தையை முதலில் பார்த்ததும், ஸ்வீட்லின் கண் விழித்தபோது பக்கத்தில் இருந்ததும் அவள்தான். அக்கா இங்கே, பாளையங்கோட்டையில், போன் பக்கத்தில் ஒரு நாற்காலியில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள். தாயும் பிள்ளையும் நலம் என்று செய்தி வந்ததும் எழுந்து போய்ச் சோறு வடித்தாள். எல்லோருக்கும் பரிமாறினாள். அவள் சாப்பிடவில்லை.

பத்தாம் தேதிவரை அந்த வீட்டில் பேச்சு என்று ஒன்று நடக்கவில்லை. அக்கா கேட்டதற்குப் பதில் சொல்வாள், அவ்வளவுதான். அத்தான் பலதடவை ஆரம்பித்தார். அந்த அதிகாரி அப்படித்தானே சொன்னார் என்பார். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள் என்பார். அக்கா பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டே இருப்பாள். விமான நிலையத்தில் உள்ளே போகும்போது அவரைப் பார்த்து, "கதவப் பூட்டிட்டுப் படுங்க" என்றாள். இத்தனை வருஷமாக அவர் அவளுக்குச் சொன்ன வார்த்தை அது.

அதன் பிறகு அத்தான் ஒரு மாதிரி ஆகிவிட்டார். போனைச் சட்டைப்பையிலிருந்து எடுப்பதே இல்லை. குளிக்கப் போனால் குளியலறைக்கு வெளியே ஸ்டூலில் வைத்துவிட்டுப் போவார். முன்பெல்லாம் தெரியாத எண் என்றால் எடுக்கவே மாட்டார். இப்போது முதல் மணியிலேயே எடுப்பார். கடன் வேண்டுமா என்று கேட்கிறவர்கள், மனை விற்கிறவர்கள் எல்லோரிடமும், "யாரும்மா பேசுதீங்க?" என்று மரியாதையாகக் கேட்டு, அவர்கள் முழுக்கச் சொல்லி முடிக்கும்வரை காத்திருப்பார். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. மாலை நேரத்தில் போய் அவரோடு உட்கார்ந்திருந்துவிட்டு வருவேன்.

அக்கா வீடியோவில் பேத்தியைக் காட்டுவாள். குழந்தை தேறி, கன்னம் வைத்துவிட்டது. அவர் திரையைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு பார்ப்பார். பின்னால் ஸ்வீட்லின் கடந்து போவாள். நல்லா இருக்கீங்களாப்பா, மாத்திரை போட்டீங்களாப்பா என்று கேட்பாள். குரலில் ஒரு குறையும் இருக்காது. நின்று பேசமாட்டாள், அவ்வளவுதான். அவள் திட்டியிருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றும்.

பிப்ரவரி பாதியில், அக்கா இன்னும் இரண்டு மாதம் அங்கேயே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. திரும்பும் டிக்கெட்டில் நாள் மாற்ற வேண்டும். இதை அக்கா சொன்ன நாளிலிருந்து அத்தானுக்கு முகம் தெளிந்துவிட்டது. என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். "நாள் மாத்தணும்னா எனக்குத்தான மாப்ள நம்பர் வரும்? இந்தத் தடவ கேக்கதுக்கு முன்னாலயே சொல்லிருதேன்." சிக்னல் போய்விடக்கூடாது என்று சபைக் கூட்டத்துக்குக்கூடப் போகாமல் வீட்டிலேயே இருந்தார்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம். நானும் அவரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். போன் டிங் என்றது. தம்ளரை வைத்துவிட்டுக் கண்ணாடியைத் தேடினார். அவர் எதையும் பொடி எழுத்துவரை படிக்கிறவர். இதையும் படித்தார். படித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு போனை என்னிடம் நீட்டினார். டிக்கெட் மாற்றுவதற்காக வந்த எண் இல்லை அது. கணக்கில் பதிந்திருக்கும் செல்போன் எண்ணை மாற்றுவதற்காக வந்தது. யாரிடமும் பகிராதீர்கள் என்று கீழே எச்சரிக்கையும் இருந்தது.

நான் போனைத் திருப்பிக் கொடுத்ததும் ஸ்வீட்லின் கூப்பிட்டாள். இப்போது அவளுடைய சொந்த எண்தான். பின்னால் குழந்தை சிணுங்கும் சத்தம் கேட்டது.

"அப்பா, ஒரு நம்பர் வந்திருக்கும். அந்தக் கணக்குல என் போன் நம்பரைப் போட்டுக்கிடுதேன். அம்மா டிக்கெட்டை நானே இங்கன வச்சு மாத்திக்கிடுவேன். ஒவ்வொரு தடவையும் உங்களைத் தொந்தரவு பண்ண வேண்டாம்லா."

அவள் மனதில் வேறு எதுவும் வைத்துச் சொன்ன மாதிரி எனக்குப் படவில்லை. சௌகரியத்துக்காகத்தான் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அத்தான் என்னை நிமிர்ந்து பார்த்தார். இது எனக்குத் தொந்தரவே இல்லை என்று அவர் சொல்லுவார், என் எண்ணே இருக்கட்டும் மக்களே என்று கேட்பார் என்று நான் காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை.

கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஒவ்வொரு எண்ணாக, இடைவெளி விட்டு, தெளிவாகச் சொன்னார். அவள் திருப்பிச் சொன்னாள். சரிதான் என்றார். ஒரு தடவை போதும், ஆனால் அவர் தப்பாகிவிடக் கூடாது என்று முழுவதையும் மறுபடி சொன்னார்.

"ஆயிட்டுப்பா. பாப்பா அழுதா, வச்சிருதேன்" என்று ஸ்வீட்லின் வைத்தாள்.

உடனே இன்னொரு டிங் வந்தது. உங்கள் எண் இந்தக் கணக்கிலிருந்து நீக்கப்பட்டது என்று இருந்தது. அத்தான் அதையும் கடைசிப் பொடி எழுத்துவரை படித்தார். பிறகு போனை, சட்டைப்பையில் போடாமல், மேசைமேல் வைத்தார்.

"இனிமே எனக்கு அதுல இருந்து எதுவும் வராது, என்ன மாப்ள?" என்று கேட்டார்.

வராது அத்தான் என்றேன்.